விளக்கு எரிந்தது, எஞ்சின் எழவில்லை

வயிற்றில் நோயிருக்கத் தலைக்கு மருந்து தடவுகின்றவனை நாம் வைத்தியன் என்று சொல்வதில்லை. ஆனால் வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் வண்டிக்கு நோய் வரும்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது அதுவேயாகும். ஓர் உறுப்பை மாற்றுகிறோம்; குணம் காணாவிடின் இன்னோர் உறுப்பை மாற்றுகிறோம். பணம் கரைகின்றதே தவிர நோய் தீருவதில்லை. இப்பிழையை அண்மையில் நானும் செய்தேன். பல ஆண்டுகளாக மாணவருக்கு மின்னியல் கற்பிக்கும் நானே செய்தேன் என்பதனால், அதனை மறைக்காமல் எழுதுவது பிறருக்குப் பயன்படக்கூடும்.

நாங்கள் வாழும் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களிற் சில காலைகளில் இங்கே புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். அத்தகைய ஒரு காலையில் என் தாயாரைக் கண்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அவர்களுடைய கண்ணிற் படர்ந்திருந்த புரைக்கு அன்று சத்திரசிகிச்சை. ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நான்கு மணிக்கே அவர்கள் நீராடித் திருநீறு பூசி, கம்பளிப் போர்வையுடன் காரினுள் அமர்ந்துவிட்டார்கள்.

என் கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் கார். சாவியைத் திருப்பினேன். முன்பலகையில் சுருள் வடிவான சிறு மஞ்சள் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் வழக்கம்போல் அணைந்தது. ஸ்ராட்டர் நன்றாகச் சுழன்றது. எஞ்சினோ எழவில்லை. பின்புறக் குழாயிலிருந்து வெண்புகை மட்டும் சுருள் சுருளாக வந்தது. இப்போது பற்றிக்கொள்ளும், இப்போது பற்றிக்கொள்ளும் என்று எண்ணி ஒரு மணி நேரத்தைப் போக்கினேன். இறுதியில் வாடகை வண்டி பிடித்துக் கண்டியை அடைந்தபோது அன்றைய பட்டியல் தொடங்கிவிட்டது. ஆறு வாரங்களுக்குப் பின்னரான வேறொரு தேதியைத் தந்தார்கள். திரும்பும் வழியில் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. “பரவாயில்லை தம்பி, இவ்வளவு நாள் இருந்தாயிற்று” என்றார்கள். கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பொறியின்றிப் பிறக்கும் தீ

டீசல் எஞ்சினின் இயல்பை அறிந்தாலன்றி இந்நோயின் தன்மை விளங்காது. பெற்றோல் எஞ்சினில் மின்பொறி ஒன்று எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைச் சிறுவரும் அறிவர். காற்றை நெருக்கினால் அது சூடேறும். இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டு றுடோல்வ் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் 1892-ஆம் ஆண்டில் தமது எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். 1897-இல் அது அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயங்கியது.

என்னுடையது போன்ற பழைய டீசல் கார்களில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கப்படுகிறது. அப்போது அது எரிபொருள் தானாகவே தீப்பற்றும் அளவுக்குச் சூடாகும். ஆயின் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இவ்வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள இரும்பே குடித்துவிடும். பிரதான அறைக்கு முன்னே சிறியதொரு முன்னறையை உடைய எஞ்சின்களில் இவ்விழப்பு இன்னும் மிகுதி. ஆதலால் ஒவ்வோர் அறையினுள்ளும் பென்சிலின் முனை போன்ற ஒரு சூடாக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நமது மெக்கானிக்குகள் இதனை ஹீற்றர் பிளக் என்பர். மின்சாரம் பாய்ந்ததும் சில விநாடிகளில் இதன் முனை 800 பாகை சதம அளவையையும் கடந்து செந்தணலாகும். தெளிக்கப்பட்ட எரிபொருள் அத்தணலின் அருகே முதலிற் பற்றிக்கொள்ளும். எஞ்சின் சூடேறிய பின்னர் இதன் துணை வேண்டுவதில்லை.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நான்கில் ஒரு பிளக் செத்தாலும் காலையிற் சிறு நடுக்கமும் சிறிது புகையும் தோன்றி மறையும், அவ்வளவே. உடையவர் அதனைக் கவனிப்பதுமில்லை. அதே கார் மலையேறி வந்து ஓரிரவு தங்கினால், மறைந்திருந்த நோய் விடியற்காலையில் வெளிப்பட்டுவிடும்.

புகையும் ஒரு சாட்சி

அன்று காலை வந்த வெண்புகை வீணாக வந்ததன்று. எரியாத எரிபொருள் நுண்துளிகளாக வெளியேறுவதே அவ்வெண்புகை. கண்ணை அது கரிக்கும். ஸ்ராட்டர் சுழலும்போது புகையே வராவிடின் எரிபொருள் அறைக்கு வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். வெண்புகை தாராளமாக வந்தால், எரிபொருள் வருகிறது, வெப்பம் போதவில்லை என்பது பொருள். ஸ்ராட்டர் வேகமாகச் சுழன்றதால் பற்றரி மிக நலிந்திருக்கவில்லை என்பதும் தெளிவு. ஆகவே கண்ணையும் காதையும் கொண்டே ஐயத்தை ஹீற்றர் பிளக்குகளின் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

இவ்வளவும் சரியாகவே நடந்தது. அயல்வீட்டு வான் சாரதி, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றப் புறப்படுமுன் எனக்கு உதவ வந்தார். நீண்ட கம்பியில் இணைத்த சிறு மின்குமிழ் ஒன்று அவரிடம் இருந்தது. கம்பியின் ஒரு நுனியை எஞ்சினின் இரும்பிலும், மற்றதை, நான்கு பிளக்குகளையும் இணைக்கும் உலோகப் பட்டையை அவற்றிலிருந்து விலக்கி, அப்பட்டையிலும் வைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். குமிழ் பளிச்சென்று எரிந்தது.

“சேர், லைட் நல்லா எரியுது. கரண்ட் வருது. பிளக்தான் போயிருக்கு,” என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்று மாலையே ஒரு கராஜில் நான்கு புதிய பிளக்குகளைப் பூட்டினோம். மறுநாட் காலையும் எஞ்சின் எழவில்லை. வீதியின் சரிவில் தள்ளிவிட்டு எழுப்பினேன். கராஜில் மீண்டும் கேட்டபோது, எரிபொருளைச் செலுத்தும் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குக் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது.

விடைத்தாளில் இருந்த என் பிழை

அந்தச் சனிக்கிழமை இரவு வகுப்புப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வினா இது: சுற்றொன்றின் சாவி திறந்திருக்கும்போது கம்பியின் முனையில் வோல்ற்றுமானி 12 வோல்ற்றைக் காட்டுகிறது, இதைக்கொண்டு கம்பியின் இணைப்புகள் யாவும் நல்லவை என்று கூறலாமா? மாணவன் ஒருவன், “கூறலாம், 12 வோல்ற்றும் முழுமையாக வந்து சேர்கின்றதே” என்று எழுதியிருந்தான். நான் அதனைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில், “ஓட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை” என்று எழுதினேன்.

எழுதிய கை அப்படியே நின்றது. இரண்டு நாட்களுக்கு முன் முற்றத்தில் அவனுடைய விடையைத்தானே நானும் ஏற்றுக்கொண்டேன்! குமிழ் எரிந்தது உண்மை. ஆனால் அக்குமிழ் குடிக்கும் மின்சாரம் எவ்வளவு? நான்கு பிளக்குகள் குடிப்பது எவ்வளவு?

எளிய கணக்காகப் பார்ப்போம். சூடேறிய பிளக் ஒன்றின் தடை 1.2 ஓம் என்று கொள்வோம். நான்கும் பக்கம் பக்கமாக, அதாவது சமாந்தரமாக, இணைக்கப்பட்டிருப்பதால் மொத்தத் தடை 0.3 ஓம். 12 வோல்ற்றில் 40 அம்பியர் பாயும். கிடைக்கும் வலு 480 வாற்று. இப்போது பற்றரிக்கும் பட்டைக்கும் இடையில் எங்கேனும் ஒரு தொடுகை கருகி, அங்கே 0.15 ஓம் தடை புதிதாகத் தோன்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 0.45 ஓமாகும். ஓட்டம் ஏறக்குறைய 27 அம்பியராகக் குறையும். பிளக்குகளுக்கு 8 வோல்ற்று மட்டுமே எஞ்சும். வலு 480-இலிருந்து சுமார் 213 வாற்றுக்கு இறங்கிவிடும். பாதியும் இல்லை!

அதே பழுதின் ஊடாக 3 வாற்றுக் குமிழை எரித்தால் என்ன நேரும்? குமிழ் எடுப்பது கால் அம்பியர். 0.15 ஓம் தடையில் இழக்கப்படுவது 0.04 வோல்ற்றுக்கும் குறைவு. குமிழின் ஒளியில் மனிதக் கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது. ஒற்றையடிப் பாதையில் ஒரு மனிதன் தடையின்றி நடந்து வருவான். அதனைக் கண்டு, தேரும் வரலாம் என்று முடிவு செய்தால் தவறு யாருடையது? குமிழ் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட சிறு கேள்விக்கு அது சரியான விடையையே சொன்னது. கேள்விதான் போதவில்லை.

முன்பலகையின் மஞ்சள் விளக்கும் அத்தகையதே. பல கார்களில் அது பிளக்குகளின் சூட்டைக் கண்டு அணைவதன்று. எஞ்சின் நீரின் வெப்பநிலைக்கேற்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி குறித்த நேரம் முடிந்ததும் அணைவது. நான்கு பிளக்குகளையும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாலும் அது எரிந்து அணையக்கூடும்.

பழுதைப் பிடித்த விதம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் மகளை எழுப்பிச் சாவியருகே அமர்த்தினேன். பல்மானியை வோல்ற்று அளவையில் வைத்தேன். பிளக்குகள் யாவும் பூட்டியபடியே இருந்தன, இதுவே முக்கியம். பாரத்தோடு அளப்பதே அளவை. முதலிற் பற்றரியின் இரு முனைகளிலும் அளந்தேன். மகள் சாவியைத் திருப்பியபோது 12 வோல்ற்று இருந்தது. அடுத்துப் பிளக்குகளின் பட்டைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் அளந்தேன். 8 வோல்ற்றுக்குச் சற்றே மேல். பட்டையைப் பிளக்குகளிலிருந்து விலக்கிவிட்டு அளந்தபோது முழுமையாக 12 வோல்ற்று! பாரம் இல்லாதபோது மறைந்து, பாரம் ஏறியதும் தோன்றும் பழுது என்பது ஐயமின்றித் தெரிந்தது.

காணாமற்போன நான்கு வோல்ற்று எங்கே? அதனைத் தேடுவதற்குப் பாதையின் ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் மானியை வைத்துச் செல்ல வேண்டும். நல்ல துண்டில் மானி ஏறக்குறையச் சுழியத்தைக் காட்டும். பழுதான துண்டில் இழப்பைக் காட்டும். பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே மிகச் சிறிய அளவுதான் இருந்தது. ஆகவே திரும்பு பாதை நன்று. பற்றரியின் நேர்முனையிலிருந்து பெரிய பியூஸ் வரையிலும் நன்று. பியூஸைக் கடந்த பின்னரும் நன்று. அதன்பின் வரும் றிலேயின் இரு பெரிய முனைகளிலும் வைத்தபோது மானி 3.7 வோல்ற்றைக் காட்டியது. கள்வன் அகப்பட்டான்.

றிலே என்பது சிறிய ஓட்டத்தின் கட்டளையால் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் சுவிச்சு. சாவியிலிருந்து வரும் சிறு ஓட்டம் அதனுள்ளிருக்கும் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் இரு உலோகத் தொடுகைகளைச் சேர்க்கும். அவற்றின் வழியே பற்றரியின் பெரும் ஓட்டம் பிளக்குகளுக்குப் பாயும். ஒவ்வொரு முறையும் தொடுகைகள் பிரியும்போது நுண்ணிய பொறி எழும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை கருகிக் குழிவிழும். “டக்” என்னும் ஓசை மட்டும் என்றும் போலக் கேட்கும். என் றிலேயும் நன்றாகவே ஓசையிட்டது. ஆனால் சில முறை சாவியைத் திருப்பியபின் அதன் மூடியைத் தொட்டபோது கை பொறுக்காத சூடு! மேற்கூறிய கணக்கின்படி அத்தொடுகையில் மட்டும் நூறு வாற்றுக்கு மேல் வீணாகிறது. எஞ்சினுள் பிறக்க வேண்டிய வெப்பம் றிலேயினுள் பிறந்துகொண்டிருந்தது.

புதிய றிலேயை வாங்கிப் பூட்டினேன். அதன் விலை நான் வீணே மாற்றிய நான்கு பிளக்குகளின் விலையிற் பாதிக்கும் குறைவு. மறுநாட் காலை, உறைபனியின் நடுவே, முதற் சுழற்சியிலேயே எஞ்சின் எழுந்தது.

வரிசையாகத் தேடுக

என் பழுது றிலேயில் இருந்தது. உங்கள் பழுது வேறிடத்தில் இருக்கலாம். ஆயினும் தேடும் ஒழுங்கு ஒன்றே. முதலிற் பற்றரியின் நலத்தையும் அதன் முனைகளின் தூய்மையையும் பாருங்கள். அடுத்துப் பாரத்தோடு பட்டையில் அளந்து பாருங்கள். அங்கே ஒன்றுமே இல்லையாயின் பியூஸ், றிலே, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுள் ஒன்று மின்சாரத்தை முற்றாகத் தடுக்கிறது. குறைவாக இருப்பின், எங்கோ ஓரிடத்தில் இழப்பு. முழுமையாக இருப்பின் மட்டுமே பிளக்குகளின் மேல் ஐயம் கொள்ள வேண்டும்.

பிளக்குகளைச் சோதிக்கப் பட்டையை விலக்கி, ஒவ்வொன்றின் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். வழக்கமான 12 வோல்ற்றுப் பிளக் குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய ஓர் ஓமோ அதற்குக் குறைவாகவோ காட்டும். உள்ளிழை அறுந்திருந்தால் மானி முடிவிலியைக் காட்டும். மானியின் கம்பிகளுக்கே சிறு தடை உண்டு. இரு நுனிகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதனை முதலில் அறிந்து கழித்துக்கொள்ள வேண்டும். பட்டையை விலக்காமல் அளந்தால் நல்ல பிளக்குகள் கெட்டதன் குறையை மறைத்துவிடும்.

தோட்டங்களில் ஓடிய பழைய லாண்ட் றோவர் டீசல் வண்டிகளில் வேறோர் அமைப்பு இருந்தது. அவற்றின் பிளக்குகள் கோயில் திருவிழாவில் தொங்கும் மின்குமிழ்ச் சரம்போல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. அங்கே ஒன்று அறுந்தால் நான்கும் அவிந்துவிடும். இக்காலத்துப் புதிய டீசல் கார்கள் பலவற்றிலோ, 12 வோல்ற்றுக்கும் மிகக் குறைந்த அழுத்தத்திற்கென அமைந்த பிளக்குகளை மின்னணுப் பெட்டி ஒன்று ஆளுகிறது. அவற்றை நேரே பற்றரியுடன் இணைத்துச் சோதித்தால் கணத்தில் எரிந்துபோம். ஆகவே உங்கள் வண்டியின் அமைப்பு எதுவென்று கைநூலைப் பார்த்து அறிந்த பின்னரே கை வையுங்கள்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. கழற்றிய பிளக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கலாகாது; அதன் முனை சதையை எரித்துவிடும். கம்பிகளைக் கழற்றுமுன் பற்றரியின் எதிர்முனையை விலக்குங்கள். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். இறுகிப்போன பிளக்கை வலிந்து முறுக்கினால் அது உள்ளேயே முறிந்து பெருஞ் செலவை உண்டாக்கும். எஞ்சின் எழவில்லையென்று காற்றுக் குழாயில் ஈதர் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஹீற்றர் பிளக் தணலாயிருக்கும் எஞ்சினில் அது காலத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனையும் அதன் வளையங்களையும் உடைக்கவல்லது. கழற்றிய பிளக்கின் முனை அரித்துப்போயிருந்தால் புதியதைப் பூட்டுவதோடு நின்றுவிடாது, எரிபொருள் தெளிப்பானையும் சோதிக்க வேண்டும். அதன் பிழையால் பிளக் எரிந்திருக்கக்கூடும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் எஞ்சின் எழாவிட்டால், அப்போது பம்பையும் எஞ்சினின் அமுக்கத்தையும் பற்றிச் சிந்திக்கலாம். எளிதும் மலிவுமான சோதனைகள் முடிந்த பின்னரே அரிதும் செலவு மிக்கதுமான வேலைக்கு இறங்க வேண்டும்.

திங்கட்கிழமை விடைத்தாளை அந்த மாணவனிடம் திருப்பிக் கொடுத்தேன். புள்ளியை மாற்றவில்லை, விடை பிழையே. ஆனால் அதே பிழையை அவனுடைய ஆசிரியரும் செய்தார் என்பதையும், அதற்கு நான்கு பிளக்குகளையும் பின்னும் பெரிதான ஒன்றையும் விலையாகக் கொடுத்தார் என்பதையும் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். மாணவர்கள் முதலிற் சிரித்தனர். தாயாரின் செய்தியைக் கூறியதும் அமைதியாயினர். கருகிய அந்த றிலேயின் மூடியைத் திறந்து இப்போது ஆய்வுகூட மேசைமேல் வைத்திருக்கிறேன். ஓமின் விதியைக் கற்பிக்குமுன் அதனைக் கைக்குக் கை கொடுத்து அத்தொடுகைகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆறு வாரங்கள் கழித்துக் குறித்த நாளில் தாயார் மீண்டும் நான்கு மணிக்கே காரில் ஏறி அமர்ந்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. எஞ்சின் எழுந்தது. ஏழு மணிக்கு முன்னரே கண்டியை அடைந்தோம்.